சிறகடித்துப் பறக்க விழைந்தோர்

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் மால்ம்ஸ்பரி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பழைய துறவு மடத்துக் கோவிலின் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றில் துறவி ஒருவரின் உருவம் தீட்டப்பட்டிருக்கிறது. அவர் திருச்சபையால் புனிதராக உயர்த்தப்பட்டவர் அல்லர். மறைசாட்சியாக உயிர் நீத்தவரும் அல்லர். சிறகு கட்டிக்கொண்டு கோபுரத்திலிருந்து பாய்ந்து, இரு கால்களையும் முறித்துக்கொண்டவர். அவர் பெயர் எயில்மர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்நிகழ்ச்சியை, அதே மடத்தில் பின்னாளில் வாழ்ந்த வில்லியம் என்னும் வரலாற்றாசிரியர், 1125ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து அரசர்களின் வரலாற்றை எழுதியபோது குறித்து வைத்தார். எயில்மர் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. இளமைத் துணிச்சலில் அவர் கைகளிலும் கால்களிலும் சிறகுகளைப் பொருத்திக்கொண்டு, கோபுர உச்சியில் நின்று, காற்றைத் தாங்கிப் பாய்ந்தார். ஏறத்தாழ 200 மீட்டர் தொலைவு காற்றில் சென்றார். பின்னர் காற்றின் வேகத்தாலும் சுழற்சியாலும், தாம் துணிந்த செயலை எண்ணி எழுந்த அச்சத்தாலும் நிலைகுலைந்து விழுந்தார். அன்று முதல் வாழ்நாள் முழுவதும் அவருக்கு நொண்டி நடக்க வேண்டியதாயிற்று.

வில்லியம் தரும் செய்திகளுள் நம்மை நின்று நோக்கச் செய்வது ஒரு சிறு குறிப்பு. தாம் விழுந்ததற்குக் காரணமாக எயில்மர் அலகையைப் பழிக்கவில்லை. இறைவனின் சினம் என்று அஞ்சவும் இல்லை. பின்புறத்தில் ஒரு வால் பொருத்த மறந்துவிட்டேன் என்றுதான் அவர் சொல்லிவந்தாராம். பறவைக்கு வால் எதற்கு என்பதை விழுந்தெழுந்து கற்றுக்கொண்ட மனிதரின் விடை அது. முறிந்த கால்களோடு நெடுங்காலம் வாழ்ந்த அவர், 1066ஆம் ஆண்டு தோன்றிய வால்மீனைத் தம் முதுமையில் கண்டார் என்றும், முன்னரும் அதைக் கண்டதை நினைவுகூர்ந்தார் என்றும் வில்லியம் எழுதுகிறார். இன்று ஹாலி வால்மீன் என்று நாம் அழைப்பது அதுவே.

தன் உடல் வலிமையால், பறவையைப் போலச் சிறகடித்துப் பறக்க வேண்டும் என்பது மனிதனின் மிகப் பழைய ஆசைகளுள் ஒன்று. வேறெந்த ஊர்தியையும் விட நீண்ட காலம் அது அவனை ஏமாற்றியது. பலூன் வந்தது, விமானம் வந்தது, மனிதன் நிலவில் கால் பதித்தும் திரும்பினான். ஆயினும் எயில்மர் நாடிய அந்த எளிய பறத்தல் மட்டும் 21ஆம் நூற்றாண்டு வரை கைகூடவில்லை. அது ஏன் இவ்வளவு தாமதித்தது என்பதைச் சிந்திப்பது பயனுடையது.

அகந்தையா, ஆவலா?

பறக்க விழைவது மனிதனுக்கு அடுக்குமா என்னும் ஐயம் பழங்காலத்திலேயே இருந்தது. தந்தை செய்து தந்த மெழுகுச் சிறகுகளோடு கதிரவனை நெருங்கி, மெழுகு உருகிக் கடலில் வீழ்ந்த இகாரஸின் கதையைக் கிரேக்கர் சொன்னார்கள். தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களிடையேயும் இதுபோன்ற கதை ஒன்று வழங்கியது. திருத்தூதர் பணிகள் நூலில் வரும் மந்திரவாதி சீமோன், உரோமை நகரின் மேல் பறந்து காட்டி மக்களை மயக்கியதாகவும், புனித பேதுரு இறைவேண்டல் செய்யவே அவன் வீழ்ந்து கால் முறிந்ததாகவும், விவிலியத் தொகுதியில் சேராத பழைய ஏடொன்று கூறுகிறது. அப்போது பேதுரு முழங்காலிட்ட தடம் என்று உரோமையின் புனித பிரான்செஸ்கா கோவிலில் இன்றும் கல்லைக் காட்டுகிறார்கள். இரு கதைகளிலும் பறத்தல் என்பது செருக்கின் அடையாளம். வீழ்தல் அதன் தண்டனை.

ஆனால் வில்லியம் தம் மடத்துத் துறவியைப் பற்றி எழுதும்போது அந்த நோக்கில் எழுதவில்லை என்பது வியப்பளிக்கிறது. எயில்மரைக் கற்றறிந்தவர் என்று அவர் மதிப்போடு குறிப்பிடுகிறார். திருப்பாடல் ஆசிரியர் புறாவின் சிறகுகளுக்காக ஏங்கியதைக் கட்டளைச் செபத்தில் ஓதிவந்த துறவியர் நடுவே, ஒருவர் அந்தச் சிறகுகளைச் செய்தே பார்த்துவிட்டார் என்பதைப் புரிந்துகொள்ளும் மனம் அங்கே இருந்திருக்க வேண்டும்.

எயில்மருக்கு முன்னரே, 9ஆம் நூற்றாண்டில், இசுலாமியர் ஆட்சியிலிருந்த ஸ்பெயின் நாட்டின் கோர்டோபா நகரில் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் என்னும் அறிஞர் உடலில் இறகுகளைப் போர்த்தி, சிறகு கட்டிப் பாய்ந்ததாக அரபு வரலாற்றாசிரியர் ஒருவர் பிற்காலத்தில் எழுதினார். அவரும் சிறிது தொலைவு சென்றார். இறங்கும்போது முதுகில் அடிபட்டார். பறவை தன் வாலின் துணையால் இறங்குகிறது என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை என்று அந்த வரலாறும் சொல்கிறது. மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இருவர், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே இடத்தில் தவறினார்கள்.

13ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் சபைத் துறவி ரோஜர் பேக்கன், மாயவித்தையின் பொய்ம்மையை மறுத்து எழுதிய மடலில், இயற்கையின் விதிகளைக் கொண்டே அமைக்கத்தக்க கருவிகள் சிலவற்றைப் பட்டியலிட்டார். அவற்றுள் ஒன்று பறக்கும் பொறி. நடுவே ஒருவர் அமர்ந்து ஒரு கருவியைச் சுழற்ற, செயற்கைச் சிறகுகள் பறவையின் சிறகுகளைப் போலக் காற்றை அடிக்கும் என்பது அவர் கருத்து. அவர் அதைச் செய்து பார்க்கவில்லை. எனினும் பறத்தலை மந்திரத்தின் பிடியிலிருந்து விடுவித்து, கைவினைஞரின் பட்டறைக்கு அவர் கொண்டுவந்துவிட்டார்.

லியோனார்டோவின் ஏடுகள்

அந்தப் பட்டறையில் மிக நீண்ட நேரம் அமர்ந்திருந்தவர் லியோனார்டோ டா வின்சி. ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தால் நம் இல்லங்களில் எல்லாம் அறிமுகமான அவர், ஏறத்தாழ 20 ஆண்டுகள் பறத்தலைப் பற்றிச் சிந்தித்தார். சந்தையில் கூண்டுப் பறவைகளைக் கண்டால், கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிப் பறக்கவிட்டுவிடுவார் என்று அவர் வாழ்க்கையை எழுதிய வசாரி கூறுகிறார்.

1480களின் இறுதியில் அவர் வரைந்த பொறிகளில் மனிதன் பலகையின் மேல் குப்புறப் படுத்திருப்பான், கைகளால் நெம்புகோலை இழுப்பான், கால்களால் மிதிப்பான், கயிறும் கப்பியும் வழியாக வௌவாலின் சிறகு போன்ற பெருஞ்சிறகுகள் மேலும் கீழும் அடிக்கும். இத்தகைய பொறியை ஏரியின் மேல்தான் சோதிக்க வேண்டும், விழுந்தால் மூழ்காதிருக்க நீண்ட தோற்பை ஒன்றை இடையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எச்சரிக்கைக் குறிப்பும் எழுதி வைத்தார். கைகள் மட்டும் போதா, கால்களின் வலிமையும் வேண்டும் என்று அவர் கண்டது பெரிய உண்மை. பின்னர் 1505ஆம் ஆண்டளவில் எழுதிய ‘பறவைகளின் பறத்தல்’ என்னும் சிறு ஏட்டில், பருந்துகள் சிறகை அசைக்காமலே காற்றில் மிதந்து உயர்வதைக் கூர்ந்து நோக்கி எழுதினார். அடிப்பதிலிருந்து மிதப்பதற்கு அவர் கவனம் சென்றது.

ஆனால் அந்த ஏடு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அச்சேறியது. இடைப்பட்ட நானூறு ஆண்டுகளில் சிறகு கட்டிய எவருக்கும் அது வழிகாட்டவில்லை. ஒவ்வொருவரும் முதல் மனிதரைப் போலத் தொடங்கி, முதல் மனிதரைப் போலவே விழுந்தார்கள்.

போரெல்லி சொன்ன ‘முடியாது’

இந்த வரலாற்றின் திருப்புமுனை ஒரு மறுப்பில் இருக்கிறது. அதைச் சொன்னவர் ஜொவான்னி அல்போன்சோ போரெல்லி.

1608இல் நேப்பிள்ஸில் பிறந்த அவர், கலிலேயோவின் மாணவரும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியுமான கஸ்தெல்லியிடம் கணிதம் பயின்றார். மெசினாவிலும் பீசாவிலும் பேராசிரியராக விளங்கினார். அரசியல் ஐயத்துக்கு ஆளாகி மெசினாவை விட்டு வெளியேறி, இறுதிக் காலத்தில் உரோமையில் வறுமையில் வாழ்ந்தார். கத்தோலிக்கத் திருமறையைத் தழுவி, அரியணையைத் துறந்து உரோமைக்கு வந்திருந்த ஸ்வீடன் அரசி கிறிஸ்டினா அவருக்கு ஆதரவளித்தார். ஏழைச் சிறுவரின் கல்விக்காகப் புனித யோசேப்பு கலசான்ஸ் நிறுவிய பியாரிஸ்ட் சபையினர், புனித பந்தலேயோன் இல்லத்தில் அவருக்கு இடம் கொடுத்தனர். அங்கே இளந்துறவியருக்குக் கணிதம் கற்பித்துக்கொண்டே அவர் தம் வாழ்நாள் ஆய்வை எழுதி முடித்தார். 1679ஆம் ஆண்டின் கடைசி நாளில் இறந்தார். ‘உயிரினங்களின் இயக்கம்’ என்னும் அந்நூலைப் பியாரிஸ்ட் துறவியரே அடுத்த ஆண்டு முதல் இரு பாகங்களாக வெளிக்கொணர்ந்தனர்.

எலும்பை நெம்புகோலாகவும் தசையை இழுக்கும் கயிறாகவும் கொண்டு, நடத்தல், ஓடுதல், நீந்துதல், பறத்தல் அனைத்தையும் போரெல்லி கணக்கிட்டார். பறவையின் மார்புத் தசைகள் அதன் உடல் எடையில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாதவை என்றும், மனிதனின் மார்புத் தசைகளோ நூறில் ஒரு பங்கு கூட இல்லை என்றும் அவர் கண்டார். பறவையின் எலும்புகள் மெலிந்தவை, உள்ளீடற்றவை. மனிதனின் எலும்புகள் கனமானவை. ஆகவே மனிதன் தன் சொந்த வலிமையால் சிறகடித்துப் பறக்க இயலாது என்பது அவர் முடிவு.

அவர் கூற்றின் வலிமையை இன்று இன்னும் தெளிவாக உணர்கிறோம். ஒரு பறவையின் நீள அகல உயரங்களை இரு மடங்காக்கினால் அதன் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். உடல் பெருக்கப் பெருக்கச் சிறகு பின்தங்கிக்கொண்டே போகும். ஆதலால்தான் இன்று வானில் பறக்கும் பறவைகளுள் மிகப் பெரியனவும் 20 கிலோவைத் தாண்டுவது அரிதாயிருக்கிறது. நாமோ அதைப்போல மூன்று மடங்கும் அதற்கு மேலும் எடையுள்ளவர்கள்.

சிலர் போரெல்லியின் கூற்றைக் கனவைக் கொன்ற தீர்ப்பாகக் கொண்டனர். ஆனால் அவர் அச்சத்தால் மறுக்கவில்லை; ஏளனம் செய்யவும் இல்லை. மனிதனிடம் எது குறைகிறது, எவ்வளவு குறைகிறது என்று எண்களால் சொன்னார். எயில்மரின் விடையைப் போலவே அதுவும் அடுத்து வருபவருக்குப் பயன்படக்கூடிய விடை.

அவர் காலத்தவரான இயேசு சபை அருள்தந்தை லானா தெ தெர்சி வேறொரு வகையில் தயங்கினார். காற்று நீக்கிய மெல்லிய செப்புக் கோளங்களால் உயரும் வான்கப்பல் ஒன்றை 1670இல் வெளிவந்த தம் நூலில் வருணித்த அவர், நகரங்களின் மேல் தீயையும் அழிவையும் வீசப் பயன்படும் இக்கருவியை இறைவன் அனுமதிக்கமாட்டார் என்றும் எழுதினார். அவர் கோளங்கள் வெளிக்காற்றின் அழுத்தத்தால் நசுங்கிவிடும் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் அவருடைய அச்சம் வீண் அச்சம் அன்று என்பதை 20ஆம் நூற்றாண்டின் போர்கள் காட்டின.

விழுந்தவர்கள்

1783இல் பிரான்சில் மோங்கோல்ஃபியே சகோதரர்களின் வெப்பக்காற்றுப் பலூன் மனிதனைத் தூக்கிச் சென்றது. ஆயினும் சிறகின் மேலிருந்த ஆசை தணியவில்லை. வியன்னாவில் கடிகாரம் செய்துவந்த யாகோப் டேகன் 1808ஆம் ஆண்டு முதல் பெருஞ்சிறகுகளை அடித்து மேலே எழுந்து காட்டினார். அவர் எடையின் பெரும்பகுதியைத் தாங்கியது முதலில் ஓர் எதிர் எடை, பின்னர் ஒரு சிறு பலூன். ஐரோப்பாவெங்கும் பரவிய படங்கள் சிலவற்றில் அந்தப் பலூன் விடுபட்டுப்போயிற்று. 1812இல் பாரீசில் அவரால் காற்றை எதிர்த்துச் செல்ல இயலாதபோது, ஏமாந்த கூட்டம் அவரை அடித்துத் துவைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1811 மே 31 அன்று, ஜெர்மனியின் உல்ம் நகரில் ஆல்பிரக்ட் பெர்ப்ளிங்கர் என்னும் தையற்காரர் தாம் தைத்த சிறகுகளோடு தன்யூபு ஆற்றின் மேல் பாய்ந்தார். காலிழந்தோருக்கு மூட்டு வைத்த செயற்கைக் கால் செய்து தந்த கைத்திறன் மிக்கவர் அவர். அரச குடும்பத்தாரும் ஊராரும் பார்த்திருக்க, அவர் நேராக ஆற்றில் விழுந்தார். மீனவர்கள் கரை சேர்த்தார்கள். உயிர் பிழைத்தாலும் ஊராரின் நகைப்பிலிருந்து அவர் பிழைக்கவில்லை. தொழில் நசிந்து 1829இல் வறுமையில் இறந்தார். பிற்காலத்தில் அவர் சிறகின் மாதிரியைச் செய்து பார்த்தவர்கள், அது காற்றில் மிதக்கத்தக்கதே என்று கண்டனர். குளிர்ந்த ஆற்றின் மேல் காற்று கீழ்நோக்கி இறங்கும் என்பதை அவர் அறியாததே கேடாயிற்று. தையற்காரனுக்கு ஏன் இந்த வேலை என்று சிரித்த ஊரே இன்று அவரைத் தன் பெருமைக்குரிய மகனாகப் போற்றுகிறது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி என்பவர் சிக்கலை அவிழ்க்கும் நுனியைக் கண்டுபிடித்தார். பறவையின் சிறகு இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்கிறது. அது உடலைத் தாங்குகிறது. முன்னே செலுத்தவும் செய்கிறது. இவ்விரண்டையும் பிரித்துவிடலாமே என்று கேலி எண்ணினார். அசையாத இறக்கை தாங்கட்டும். வேறொரு கருவி செலுத்தட்டும். 1799இல் ஒரு வெள்ளித் தட்டில் அவர் பொறித்த அந்த எண்ணமே இன்றைய விமானம் அனைத்துக்கும் வித்து. ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால் நாரைகளை ஆராய்ந்து 1889இல் நூல் எழுதி, 1891 முதல் அசையா இறக்கைகளில் ஏறத்தாழ 2000 முறை மிதந்தார். ஆனாலும் சிறகடிக்கும் ஆசை அவரையும் விடவில்லை. இறக்கை நுனிகளை அடிக்கச் செய்யும் பொறிகளையும் அவர் அமைத்தார். 1896 ஆகஸ்டு 9 அன்று மிதந்து வருகையில் விழுந்து முதுகெலும்பு முறிந்து, மறுநாள் இறந்தார். அவர் நூலால் தூண்டப்பட்ட ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று எந்திர விமானத்தில் பறந்தார்கள்.

எடையைக் குறைத்தவர்

எந்திரம் பறந்துவிட்ட பிறகு மனித வலிமையால் பறக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஆனால் தேவையற்றது என்பதாலேயே ஓர் ஆசை மறைந்துவிடுவதில்லை. 1959இல் ஹென்றி கிரெமர் என்னும் தொழிலதிபர், மனித வலிமையால் எட்டு வடிவப் பாதையில் பறப்பவருக்கு 5,000 பவுண்டு பரிசு அறிவித்தார். பரிசு பின்னர் 50,000 பவுண்டாக உயர்ந்தது. பல குழுக்கள் நுட்பமும் அழகும் மிக்க வானூர்திகளைக் கட்டின. அவை நேராகச் சிறிது தொலைவு பறந்தன, திரும்ப இயலவில்லை.

பரிசை வென்றவர் அமெரிக்கரான பால் மெக்கிரெடி. உறவினர் ஒருவர் வாங்கிய கடனுக்குப் பிணை நின்று, ஏறத்தாழ ஒரு இலட்சம் டாலர் கடனைத் தம் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார் அவர். பரிசுத் தொகை ஏறத்தாழ அதே அளவு என்பது ஒருநாள் நினைவில் தட்டியதாம். குடும்பத்தோடு காரில் நெடும்பயணம் சென்றபோது, வானில் வட்டமிடும் பருந்துகளையும் கழுகுகளையும் கவனித்துக் கணக்கிட்டதிலிருந்து அவருக்கு வழி பிறந்தது. இறக்கையை மிகப் பெரிதாக்கி, எடையை ஏற்றாமல், மிக மெதுவாகப் பறந்தால் தேவைப்படும் ஆற்றல் மிகக் குறைந்துவிடும். அலுமினியக் குழாய், கம்பி, மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றால் செய்த அவருடைய ‘காசமர் காண்டார்’ 29 மீட்டர் இறக்கை அகலம் கொண்டது. எடையோ 32 கிலோதான். விழுந்தால் அன்றே ஒட்டிச் சரிசெய்துவிடலாம். 1977 ஆகஸ்டு 23 அன்று பிரையன் ஆலன் என்னும் மிதிவண்டி வீரர் அதை மிதித்துப் பரிசை வென்றார். 1979 ஜூன் 12 அன்று அதே வீரர் ‘காசமர் ஆல்பட்ராஸ்’ என்னும் அடுத்த ஊர்தியில், 2 மணி 49 நிமிடத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 1988 ஏப்ரல் 23 அன்று கிரேக்க மிதிவண்டி வீரர் கனெல்லோஸ் கனெல்லோபூலோஸ், இகாரஸின் தந்தையுடைய பெயரைத் தாங்கிய ‘டெடலஸ்’ ஊர்தியில் கிரீட் தீவிலிருந்து சாந்தோரினி வரை 115 கிலோமீட்டர் பறந்தார். கரைக்குச் சில மீட்டர் இருக்கையில் காற்று அதன் வாலை முறித்தது; வீரர் நீந்திக் கரையேறினார்.

இங்கே போரெல்லியின் எண்களை மீண்டும் நினைவுகூர வேண்டும். மனிதனின் மார்பு பறவையின் மார்பு ஆகிவிடவில்லை. வலிமை மிக்க விளையாட்டு வீரரும் நீடித்துத் தரக்கூடிய ஆற்றல் ஒரு குதிரைத்திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மெக்கிரெடி அந்த எல்லையை அப்படியே ஏற்றுக்கொண்டார். மனிதனைப் பெரிதாக்க முயலாமல், மனிதன் சுமக்க வேண்டியதைச் சிறிதாக்கினார். நம் மறைக்கல்வியில் தாழ்ச்சி என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, தன் அளவைத் தான் அறிந்து அதன்படி நடப்பது, அதன் பொறியியல் வடிவம் இதுவே எனலாம்.

பத்தொன்பது நொடிகள்

ஆயினும் இவை யாவும் சுழலியால் செலுத்தப்பட்டவை; இறக்கைகள் அசையாதவை. எயில்மரும் லியோனார்டோவும் கண்டது சிறகடிக்கும் கனவு. அது பன்மடங்கு கடினமானது. சுழலி ஒரே திசையில் இடையறாது சுழல்கிறது. சிறகோ ஒவ்வொரு அடிக்கும் நின்று, திரும்பி, மீண்டும் புறப்பட வேண்டும். கீழே இறங்கும்போது காற்றைப் பின்னே தள்ளும் வகையில் முறுக வேண்டும். மேலே ஏறும்போது உடலைக் கீழே அழுத்தாதவாறு வேறு வகையில் முறுக வேண்டும். பெரிய சிறகு மெலிதாக இருந்தால் முறியும். உறுதியாக இருந்தால் கனக்கும்.

பிரான்சில் இவ் ரூசோ என்பவர் 1995 முதல் இம்முயற்சியில் ஈடுபட்டார். 2006 ஏப்ரல் 20 அன்று, தமது 212ஆவது முயற்சியில், தம் உடல் வலிமையால் சிறகடித்து 64 மீட்டர் பறந்தார். அதற்கடுத்த முயற்சியில் திடீர்க் காற்றில் சிறகு முறிந்து வீழ்ந்து, நடக்கும் ஆற்றலை இழந்தார். எயில்மர் விழுந்து ஆயிரம் ஆண்டுகள் கழித்தும், இந்தக் கனவு தன் விலையை மனித உடலிலிருந்தே வாங்கிக்கொண்டது. இவ்வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் சொல்வோர் இவரை மறந்துவிடலாகாது.

கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜேம்ஸ் டெலோரியர் பல்லாண்டுகளாகச் சிறகடிக்கும் ஊர்திகளை ஆராய்ந்துவந்தார். 1991இல் ஆளில்லாத எந்திர ஊர்தி ஒன்றையும், 2006 ஜூலை 8 அன்று ஆள் ஏறிய எந்திர ஊர்தி ஒன்றையும் அவர் குழுவினர் சிறகடிக்கச் செய்து பறக்கவிட்டனர். அவர் வழிகாட்டுதலில் டாட் ரெய்ச்சர்ட், கேமரன் ராபர்ட்சன் ஆகிய இளைஞர்கள் மாணவர் குழுவோடு சேர்ந்து ‘ஸ்னோபேர்ட்’ என்னும் பனிப்பறவையைக் கட்டினர். கரியிழை, பால்சா மரம், நுரைப்பொருள் ஆகியவற்றாலான அதன் சிறகுகள் நுனிக்கு நுனி 32 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு போயிங் 737 விமானத்தின் அளவு. எடை ஏறத்தாழ 42 கிலோ மட்டுமே. கைகளை அவர்கள் நம்பவில்லை. உடலின் மிகப் பெரிய தசைகள் கால்களில் உள்ளன. ரெய்ச்சர்ட் இரு கால்களாலும் ஒரு தண்டை உதைத்துத் தள்ள, கயிறுகள் வழியே சிறகுகள் கீழிறங்கும். காற்றின் தாங்குதலால் அவை மீண்டும் மேலெழும். முறுகும் வேலையைச் சிறகின் நெகிழ்ச்சியே பார்த்துக்கொள்ளும். அந்தக் கோடையில் அவர் தம் உடல் எடையில் 8 கிலோவைக் குறைத்துக்கொண்டார்.

2010 ஆகஸ்டு 2 அன்று காலை, ஒன்டாரியோ மாநிலத்தின் டாட்டன்ஹாமில் கார் ஒன்று பனிப்பறவையை இழுத்து உயரே ஏற்றிவிட்டது. இழுகயிறு விடுபட்டபின் ரெய்ச்சர்ட் உதைக்கத் தொடங்கினார். 19.3 நொடிகள் அவர் உயரமும் வேகமும் குறையாமல் சிறகடித்துப் பறந்தார். கடந்த தொலைவு 145 மீட்டர். சராசரி வேகம் மணிக்கு 25.6 கிலோமீட்டர். தரையிலிருந்து தானாக எழ அதனால் இயலவில்லை என்பது உண்மை; அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. இதே இளைஞர்கள் 2013 ஜூன் 13 அன்று மனித வலிமையால் இயங்கும் ஹெலிகாப்டரில் 64 நொடிகள் பறந்து, 33 ஆண்டுகளாக எவரும் வெல்லாத சிகோர்ஸ்கி பரிசையும் பெற்றனர்.

‘முடியாது’ என்பதைச் சொல்லும் முறை

இந்தப் பத்தொன்பது நொடிகளால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். இதில் ஏறி எவரும் ஊருக்குப் போகப் போவதில்லை. ஆனால் குழந்தை பாடுவதற்கும், பாட்டி வாசலில் கோலமிடுவதற்கும் என்ன பயன் என்று நாம் கேட்பதில்லை. படைப்பின் ஓர் அழகைக் கண்டு, அதில் சிறிதாவது பங்குகொள்ள ஏங்குவது மனித இயல்பு. பறவையைக் கண்ட மனிதனின் ஏக்கமும் அத்தகையதே. மந்திரவாதி சீமோன் பிறரை வியக்கச் செய்வதற்காகப் பறந்தான் என்கிறது கதை. எயில்மர் பறவையை வியந்ததால் பறந்தார். செருக்குக்கும் ஆவலுக்கும் உள்ள வேறுபாடு அங்கே இருக்கிறது என எண்ணுகிறேன்.

இன்னொன்றும் இவ்வரலாற்றில் நமக்கு உண்டு. நம் பிள்ளைகளிடம் நாம் அன்றாடம் ‘முடியாது’ என்று சொல்கிறோம். தையற்காரனுக்கு எதற்கு இந்த வேலை என்று உல்ம் நகரத்தார் சொன்னதும் ஒரு ‘முடியாது’. அது ஒரு நல்ல கைவினைஞரை ஒடித்துப்போட்டது. எவருக்கும் எதையும் கற்றுத்தரவில்லை. துறவியர் இல்லத்தின் சிறிய அறையில் முதியவர் போரெல்லி எழுதி வைத்ததும் ஒரு ‘முடியாது’. அது நம் கைகளின் வலிமை இவ்வளவு, நம் உடலின் எடை இவ்வளவு, குறைபாடு இவ்வளவு என்று காட்டியது. முந்நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, அதே கணக்கின் வழியே சிந்தித்து, கைகளை விட்டுக் கால்களை நம்பி, எடையைக் குறைத்து, சிறகை நீட்டிச் சில இளைஞர்கள் பறந்தார்கள்.

பெரிய ஆசையோடு நம்முன் வந்து நிற்கும் மகனுக்கோ மகளுக்கோ நாம் மறுப்புச் சொல்ல நேரலாம். சில வேளைகளில் அது கடமையும் ஆகும். அப்போது எது குறைகிறது, எவ்வளவு குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுவோம். அவர்கள் விழுந்து வந்து நின்றால் நகைக்காமல், வால் பொருத்த மறந்தாயோ என்று கேட்போம். மால்ம்ஸ்பரியின் துறவியர் தங்கள் நொண்டிச் சகோதரரை அவ்வாறு மதிப்போடு நினைவில் வைத்திருந்ததால்தான், அவர் கண்டறிந்த உண்மை ஆயிரம் ஆண்டுகள் தாண்டி நம்மிடம் வந்திருக்கிறது.